சூப்பர்சார்ஜர் மாட்டினால் போதுமா? டிம் பிர்கின் கதை இதுதான்

திருச்சி - சென்னை ஹைவேயில் பெரம்பலூரைத் தாண்டும்போது, காருக்கு இன்னும் கொஞ்சம் பவர் வேண்டும் என்று தோன்றாதவர்கள் குறைவு. பெரிய இன்ஜினா, இருக்கிற இன்ஜினிலேயே சூப்பர்சார்ஜரா? 1920-களிலேயே இந்தக் கேள்விக்காகப் பணத்தைக் கொட்டியவர் பிரிட்டிஷ் ரேஸர் டிம் பிர்கின்.

1896-ல் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். முதல் உலகப் போரில் விமானப் படையில் இருந்துவிட்டு ரேஸுக்கு வந்தார். பென்ட்லியின் 4.5 லிட்டர் காரில் சூப்பர்சார்ஜர் மாட்ட ஆசை. நிறுவனர் டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு அது பிடிக்கவே இல்லை. வேகம் வேண்டுமானால் இன்ஜினைப் பெரிதாக்கு என்ற கட்சி அவர். பிர்கின் கேட்கவில்லை. முதலில் சொந்தப் பணம், பிறகு டொரதி பேஜெட் என்ற பணக்காரப் பெண்ணின் பணம். லெ மான் ரேஸ் விதிக்காக 50 கார்கள் சாலைக்கும் தயாராகின.

சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜின் சுழற்சியிலேயே ஓடி, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பம்ப். சுமார் 110 குதிரைத்திறன், ரேஸ் காரில் 240 வரை போனது. கூடவே சூடும் எகிறியது, பெட்ரோல் செலவும் எகிறியது. போட்டியாளரான மெர்சிடிஸில் ஆக்சிலரேட்டரை முழுசா மிதித்தால்தான் அது வேலை செய்யும். பிர்கின் காரில் எப்போதும் சுழன்றது.

1930 லெ மானில் மெர்சிடிஸை விரட்டு விரட்டென்று விரட்டினார். கடைசியில் இரண்டுமே பாதியில் படுத்துவிட்டன. ஜெயித்தது? சூப்பர்சார்ஜரே இல்லாத 6.5 லிட்டர் பென்ட்லி!

அடுத்த வருஷமே அங்கே பிர்கின் ஜெயித்தார், ஆல்ஃபா ரோமியோவில். வெறும் 2.3 லிட்டர்தான், ஆனால் சூப்பர்சார்ஜரோடு சேர்த்தே வடிவமைத்த இன்ஜின். பென்ட்லியில் அது பின்னால் ஒட்டவைத்த சமாச்சாரம்.

1933 மே மாதம் திரிபோலி ரேஸில் சூடான புகைக்குழாய் பட்டு அவர் கை வெந்தது. ஜூன் 22-ல் லண்டனில் இறந்தார். வயது 36.