ஹாப்கின் மீது விழுந்த பழி

1860ஆம் ஆண்டு, கருங்கடலோர நகரமான ஒடெசாவில் வால்டமார் ஹாப்கின் பிறந்தார். உயிரியல் பயின்ற அவருக்குப் பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் கிடைத்தது உதவி நூலகர் வேலைதான். எனினும், அங்கேயே ஆய்விலும் ஈடுபட்டார். உயிருள்ள வாந்திபேதிக் கிருமிகளின் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி உருவாக்கினார். 1892இல் அதைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்து, மக்களுக்கு அதைப் போடத் தொடங்கினார்.

1896இல் பம்பாய் நகரில் பிளேக் நோய் பரவியது. அரசாங்கம் ஹாப்கினை அங்கு அனுப்பியது. மருத்துவக் கல்லூரியின் சிறிய அறை ஒன்றே அவருடைய ஆய்வுக்கூடம். இம்முறை அவர் கிருமிகளை வளர்த்து, வெப்பத்தால் கொன்று, தடுப்பூசி தயாரித்தார். இறந்த கிருமி நோயை உண்டாக்காது. ஆனால், உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும். 1897 ஜனவரி 10ஆம் நாள் இதையும் அவர் தமக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டு, பின்னர்த் தணிந்தன. பல்லாயிரம் பேர் அத்தடுப்பூசியைப் போட்டுக்கொண்டனர்.

1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபிலுள்ள முல்கோவால் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் டெட்டனஸ் எனப்படும் இசிவு நோயால் மாண்டனர். ஆய்வுக்கூடத்தில் தடுப்பூசி தூய்மையாகத் தயாரிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கருதியது. ஹாப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். மாண்ட 19 பேருக்கும் ஒரே புட்டியிலிருந்துதான் மருந்து எடுக்கப்பட்டிருந்தது. மற்றப் புட்டிகளிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 88 பேருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை. அப்படியென்றால், தவறு எங்கே நிகழ்ந்தது? அந்தப் புட்டியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்திருந்தது. அதைச் சரியாகத் தூய்மைப்படுத்தாமலேயே அவர் பயன்படுத்தினார். டெட்டனஸ் கிருமி மண்ணில் வாழ்வது. புட்டியைத் திறந்தபோது மருந்தில் கெட்ட வாடை வீசவில்லை என்பதும் பதிவாகியிருந்தது. கிருமி முன்பே உள்ளே வளர்ந்திருந்தால் வாடை வீசியிருக்கும்.

இவ்வளவு தெளிவான சான்றுகள் இருந்தும் பழி நீங்க ஐந்து ஆண்டுகள் ஆயின. மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தனர். 1907இல் ஹாப்கின் குற்றமற்றவர் என ஏற்கப்பட்டார். மீண்டும் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் பணியாற்றினார். பம்பாய் ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பு மட்டும் அவருக்குத் திரும்பக் கிட்டவில்லை. 1925இல் அந்த ஆய்வுக்கூடத்திற்கே அவருடைய பெயர் சூட்டப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு அவர் சுவிட்சர்லாந்தில் காலமானார்.