மூக்கடைப்பு மாத்திரைக்குப் பின்னால ஒரு டாக்டர்!

மழையில பெருமுக்கல் மலை ஏறிட்டு வந்து மூக்கடைச்சுக்கிச்சா? சில சளி மாத்திரை அட்டைகள்ல 'சூடோஎபிட்ரின்'னு ஒரு பேர் பார்த்திருப்பீங்க. ஃபீனெதிலமைன் குடும்பத்து மருந்து. மூக்குக்குள்ள வீங்கின ரத்தக்குழாய்களைச் சுருக்கி, அடைப்பை எடுக்கும்.

1920-கள்ல இதோட அண்ணன் எபிட்ரினைத்தான் எல்லாரும் கொண்டாடினாங்க. தம்பியைக் கவனிச்சவர்கள்ல முக்கியமானவர் ராம்நாத் சோப்ரா. 1882-ல் குஜ்ரன்வாலாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படிச்சு, 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பேராசிரியர் ஆனவர். நம்ம எபிட்ரா செடிகள்ல இருக்கிற இந்த மருந்தைத் தன் குழுவோட ஆராய்ஞ்சார்.

போலி மருந்துகளை விசாரிச்ச 1930-31 கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். 1940 மருந்துச் சட்டத்துக்கு விதை அதுதான். 1973-ல் மறைஞ்சார்.

அடுத்த முறை மாத்திரை அட்டையைத் திருப்பி, தேதியும் லைசென்ஸ் நம்பரும் பாருங்க. அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னால அவர் உழைப்பும் இருக்கு. பி.பி. இருந்தா, டாக்டரைக் கேட்காம இந்த மாத்திரையைத் தொடாதீங்க!