இருட்டுப் பெட்டிக்குள் ஓர் ஒளிப்பொறி
(விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸின் வாழ்க்கை)

கண் திறந்திருந்தால் மட்டும் போதுமா? கருத்தும் அங்கே இருக்க வேண்டாமா? கரும்பலகையையே பார்த்துக் கொண்டிருக்கும் மாணவி, அதில் எழுதியிருப்பது ஒன்றையும் காணாமல் இருந்துவிடுவதுண்டு. இந்த விந்தையை ஆராய்ந்து பார்த்த மேதைகளுள் ஒருவர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

இவர் 1821ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் ஜெர்மன் நாட்டில் பாட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். சிறுவன் ஹெர்மன் அடிக்கடி நோயுற்றுப் படுக்கையில் கிடந்தான். இடம் எது, வலம் எது என்பதில்கூட அவனுக்குக் குழப்பம் உண்டு. தொடர்பில்லாத சொற்களை மனப்பாடம் செய்வதென்றால் பெரும்பாடு. ஆனால் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடியே வடிவ கணித உண்மைகள் பலவற்றைத் தானாகக் கற்றுக் கொண்டான். லத்தீன் வகுப்பில் மற்றவர்கள் சிசரோவைப் படித்துக் கொண்டிருக்க, இவன் மேசைக்கு அடியில் தொலைநோக்கியினுள் ஒளிக்கதிர் செல்லும் வழியைக் கணக்கிட்டுக் கொண்டிருப்பான்! கவனமற்ற மாணவன் என்று எவரும் நினைத்திருக்கலாம். உண்மையில் அவனது கவனம் வேறோரிடத்தில் ஆழ்ந்திருந்தது.

இயற்பியல் படிக்க ஆசை, வீட்டிலோ வசதியில்லை. எனவே படித்து முடித்தபின் இராணுவ மருத்துவராகப் பணிபுரிவதாக ஒப்புக்கொண்டு, அரசு உதவியுடன் பெர்லினில் மருத்துவம் பயின்றார். அப்பணியில் இருந்தபோதே 1847இல் ஆற்றல் அழியாமைக் கொள்கையை விளக்கும் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். பின்னர் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நரம்பு வழியே செய்தி செல்லும் வேகத்தை அளக்கவே முடியாது என்று அறிஞர்கள் எண்ணியிருந்த காலத்தில், 1850இல் தவளையின் நரம்பைக் கொண்டு அதை அளந்து காட்டினார். அது நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர்தான்! எண்ணமும் உணர்வும் கண நேரத்தில் நிகழ்வன அல்ல, அவற்றிற்கும் நேரம் தேவை என்பது அதனால் விளங்கிற்று.

உயிருள்ள மனிதரின் விழித்திரையை டாக்டர் பார்ப்பதற்கு உதவும் ஆப்தால்மாஸ்கோப் என்னும் கருவியை உருவாக்கி, 1851இல் உலகிற்கு அறிவித்தவரும் இவரே. அதனால் பார்வை காக்கப்பட்டோர் எத்தனையோ பேர்.

கண்ணின் உட்புறத்தைக் கண்டவர், அடுத்து அதன் பின்னால் இருக்கும் மனத்தையும் சோதிக்கலானார். எழுத்துகள் அச்சிட்ட தாள் ஒன்றை இருண்ட பெட்டிக்குள் வைத்தார். தாளில் ஓர் ஊசித்துளை. அதன் வழியே தெரியும் சிறு ஒளிப்புள்ளியில் கண்களை அசையாமல் நிறுத்திக் கொண்டார். ஆனால் மனத்தை மட்டும், தாளின் மேல்புறமோ கீழ்ப்புறமோ, தாம் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த ஒரு பகுதியின்மேல் செலுத்தினார். பிறகு ஒரு மின்பொறி! கண் இமைக்கும் நேரத்திற்கும் குறைவாகப் பெட்டிக்குள் வெளிச்சம் பரவி மறைந்தது. கண்ணைத் திருப்ப அவகாசமே இல்லை. இருந்தும், மனம் சென்றிருந்த பகுதியின் எழுத்துகளை அவரால் படிக்க முடிந்தது; மற்ற எழுத்துகள் கருத்தில் பதியவில்லை. அடுத்த முறை மனத்தை வேறு பகுதிக்கு மாற்றினார். அப்பகுதி எழுத்துகள் தெரிந்தன. கண் ஓரிடத்தில் நிற்க, கவனம் வேறிடம் செல்லக்கூடும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இதன் காரணத்தைப் பிற்கால ஆராய்ச்சிகள் விளக்குகின்றன. 1985இல் மோரன், டெசிமோன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் குரங்குகளின் மூளையில் பார்வைக்குரிய நரம்பணுக்களைச் சோதித்தனர். ஒரே நரம்பணுவின் பார்வை எல்லைக்குள் இரு பொருள்கள் இருந்தாலும், குரங்கு எதில் கவனம் வைக்கிறதோ அதற்கே அந்த அணு பெரிதும் செவிசாய்த்தது. மற்றது அங்கே இல்லாதது போலாயிற்று. மூளையின் முன்பகுதியும் மேற்பகுதியும் சேர்ந்து, எதைக் கவனிப்பது என்று கட்டளையிடுகின்றன. ஆயினும் திடீரென ஒன்று அசைந்தாலோ மின்னினாலோ அக்கட்டளையை மீறிக் கவனம் அங்கே பாய்கிறது. ஆபத்திலிருந்து காக்கும் இந்த ஏற்பாடே, படிக்கும் வேளையில் நமக்கு இடையூறாகிறது.

அப்படியானால் கவனத்தை நிலைநிறுத்துவது எங்ஙனம்? இதற்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வழி கண்டார். புதியதை நாடி ஓடுவது மனத்தின் இயல்பு. ஒரு பொருளில் அறிவதற்குப் புதிதாக ஒன்றுமில்லை என்றானதும், எவ்வளவு முயன்றாலும் அது நழுவிவிடும். ஆகவே, அப்பொருளைப் பற்றியே புதுப்புதுக் கேள்விகளை எழுப்பிக் கொண்டிருப்பதுதான் அதை நிறுத்தும் உபாயம் என்றார். வெறும் பிடிவாதத்தால் அன்று, ஆர்வத்தாலேயே கவனம் நிற்கும் என்பது இதன் பொருள்.

ஓய்வின் அருமையையும் அவர் உணர்ந்திருந்தார். ஒரு சிக்கலை எல்லாப் பக்கமும் ஆராய்ந்து களைத்தபின், களைப்பு நீங்கி, வெயில் காயும் நாளில் காட்டுக் குன்றுகளின்மேல் மெல்ல நடந்து ஏறும்போதே நல்ல எண்ணங்கள் தமக்கு உதித்ததாக, 1891இல் தமது எழுபதாம் பிறந்தநாள் விழாவில் அவர் கூறினார். 1893இல் அமெரிக்கா சென்று திரும்புகையில் கப்பலில் விழுந்து காயமுற்றார். 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் காலமானார்.

அன்புத் தோழியரே! பாடத்திலிருந்து மனம் விலகும்போது நம்மையே நொந்து கொள்வதால் பயனில்லை. அப்பக்கத்தையே மீண்டும் நோக்கி, இது ஏன், இது எப்படி என்று ஒரு கேள்வி கேட்போம். விடை தேடிப் போன மனம் திரும்பி வந்துவிடும்.