சுரங்கத்திலிருந்து வந்த சிங்கம்!

சாம்பியன்ஸ் லீக் கால்பந்துப் போட்டியை, 'டிவி'யில் பார்த்திருப்பீர்கள். 1955ம் ஆண்டு துவங்கிய இந்தப் போட்டிக்கு, அப்போது ஐரோப்பியக் கோப்பை என்று பெயர். முதல் 11 முறையும் ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி நாட்டு கிளப்புகளே கோப்பையைத் தட்டிச் சென்றன. அந்த வழக்கத்தை உடைத்தவர், ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி என்றால் நம்புவீர்களா? அவர் பெயர், ஜாக் ஸ்டீன்.

ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகருக்கு அருகே உள்ள பர்ன்பேங்க் என்ற ஊரில், 1922ம் ஆண்டு அக்டோபர் 5ம் தேதி பிறந்தார் ஸ்டீன். அப்பா சுரங்கத் தொழிலாளி. பள்ளியை விட்டதும், கொஞ்ச காலம் கம்பளத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஸ்டீனும், சுரங்கத்துக்குள் இறங்கினார். அப்போது அவருக்கு உங்கள் அண்ணன் வயதுதான் இருக்கும்! சூரியனே தெரியாத அந்த இருட்டில், பக்கத்தில் நிற்பவரை நம்பித்தான் ஒவ்வொருவர் உயிரும் இருக்கும். வாரம் முழுக்க சுரங்கம். சனிக்கிழமை, ஆல்பியன் ரோவர்ஸ் அணிக்காகக் கால்பந்து. 27 வயது வரை இப்படியே ஓடியது.

பிறகு, முழுநேர ஆட்டக்காரராக வேல்ஸ் சென்றார். ஊரில் பூட்டிக் கிடந்த அவர் வீட்டில் இரண்டு முறை திருடர்கள் புகுந்தனர். பாவம், மனைவி பயந்து போனார். ஆட்டத்தை விட்டு சுரங்கத்துக்கே திரும்பிவிடலாம் என்று ஸ்டீன் நினைத்த வேளையில்தான், 1951ல் செல்டிக் கிளப் அவரை அழைத்தது.

செல்டிக், கிளாஸ்கோவில் பசியால் வாடிய ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட நிதி திரட்டுவதற்காக, அயர்லாந்து வம்சாவளிக் கத்தோலிக்கர்கள் துவங்கிய கிளப். ஸ்டீனோ புராட்டஸ்டன்ட். அவரது அப்பா, எதிரணியான ரேஞ்சர்ஸின் ரசிகர்! செல்டிக்கில் சேர்ந்ததும், பழைய நண்பர்கள் சிலர் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டனர். ஸ்டீன் பின்வாங்கவில்லை. அணித் தலைவரானார். கணுக்கால் காயத்தால் 1957ல் ஆட்டத்தை விட நேர்ந்தது. 1965ல் அதே கிளப்பின் மேலாளரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் அவர்தான்!

1967, மே 25. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டி. எதிரே, 1964லும் 1965லும் கோப்பை வென்ற இத்தாலியின் இன்டர் மிலன். ஒரு கோல் போட்டதும், கதவைத் தாழிட்டது போல் எல்லாரும் பின்னால் நின்று காப்பது அவர்கள் பாணி. செல்டிக் வீரர்களோ, அத்தனை பேரும் தங்கள் மைதானத்தைச் சுற்றி 50 கி.மீ.,க்குள் பிறந்த உள்ளூர்ப் பிள்ளைகள்!

ஏழாவது நிமிடத்திலேயே, பெனால்டியில் இன்டர் கோல் போட்டது. தாழ்ப்பாளும் விழுந்தது. ஆனால், ஓயாமல் தாக்கு என்பதே ஸ்டீன் தந்திருந்த பாடம். பந்து இரண்டு முறை கோல் கம்பத்தின் மேல் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. 63வது நிமிடத்தில், ஜெம்மல் அடித்த அடியில் தாழ்ப்பாள் உடைந்தது. 84வது நிமிடத்தில், சால்மர்ஸ் இரண்டாவது கோலைப் போட்டார். கோப்பை முதன்முறையாக பிரிட்டனுக்கு வந்தது!

வேடிக்கை என்ன தெரியுமா... ஆட்டம் முடிந்ததும், சில வீரர்கள் தங்கள் கோல் வலையை நோக்கி ஓடினர். அங்கே கோல்கீப்பரின் தொப்பிக்குள்தான், அவர்களது பொய்ப்பற்கள் பத்திரமாக இருந்தன. புகைப்படத்தில் பொக்கை வாயோடு சிரிக்க முடியுமா?

அன்று முதல் அந்த அணிக்கு, 'லிஸ்பன் சிங்கங்கள்' என்று பெயர். ஸ்டீனின் செல்டிக், 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது முறை, ஸ்காட்லாந்து லீக்கையும் வென்றது.

பின்னர், ஸ்காட்லாந்து தேசிய அணியின் மேலாளரானார். 1985, செப்டம்பர் 10ம் தேதி, கார்டிப் நகரில் வேல்ஸ் அணியுடன் போட்டி. உலகக் கோப்பைக் கனவு நீடிக்க, டிரா போதும். ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருந்தபோது, பெனால்டியில் ஸ்காட்லாந்து சமன் செய்தது. சற்று நேரத்தில், மைதானத்தின் ஓரத்திலேயே சரிந்து விழுந்தார் ஸ்டீன். அரங்கத்தின் சிகிச்சை அறையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 62.

அவர் காத்துக் கொடுத்த அந்த வாய்ப்பில், ஸ்காட்லாந்து 1986 உலகக் கோப்பைக்குச் சென்றது. இன்று கிளாஸ்கோ போனால், செல்டிக் மைதான வாசலில், கையில் ஐரோப்பியக் கோப்பையோடு சிலையாக நிற்கும் ஸ்டீனைப் பார்க்கலாம்.