வாதவூர்க் கபிலர்

மதுரைக்குக் கிழக்கே மேலூர் வட்டத்திலுள்ள திருவாதவூர் மணிவாசகர் பிறந்த ஊர் என்பதை மாணவர் பலரும் அறிவர். சங்கச் சான்றோராகிய கபிலரும் அவ்வூரினரே என்னும் மரபை அறிந்தோர் சிலரே. சங்கநூல்களில் அவர் பெயரால் வழங்கும் பாடல்கள் 200க்கும் மேற்பட்டவை. வேறெந்தப் புலவர்க்கும் அத்துணைப் பாடல்கள் இல்லை. குறிஞ்சி பாடிய கபிலரை வகுப்பறையில் கண்டோம். வலியோர் செய்த அநீதியால் நெஞ்சுடைந்த கபிலரை ஈண்டுக் காண்போம்.

அந்தணராகிய அவர், பறம்புமலை வேள் பாரியின் உயிர்த்தோழர். இன்று கோயிலும் உச்சியில் ஒரு தர்காவும் கொண்டு விளங்கும் பிரான்மலையே அப்பறம்பு என்பர். பாரியின் புகழ் பொறாத மூவேந்தரும் மலையை முற்றுகையிட்டனர். பறவைகளைப் பழக்கி, நெற்கதிர் கொணரச் செய்து உள்ளிருந்தோரைக் கபிலர் காத்தார் என்று அகநானூறு குறிக்கின்றது. முற்றியிருந்த வேந்தரை அவர் பாட்டாலும் எதிர்கொண்டார். பறம்பின் 300 ஊர்களையும் இரவலர் முன்பே பெற்றுவிட்டனர். வாளால் வெல்ல இயலாது, பாணராய் வந்து பாடினால் மலையையும் பெறலாம் என்று எள்ளினார். முடிவேந்தர் மூவரையும் இவ்வாறு நகையாட எத்துணைத் துணிவு வேண்டும்!

பாரி வீழ்ந்தான். வஞ்சனையால் என்பர்.

அதன்பின் கபிலர் பாடிய ஒரு புறப்பாட்டில் நம் உள்ளம் நிலைத்து நின்றுவிடுகிறது. முள்வேலியும் சுரைக்கொடியும் சூழ்ந்த சிறுமனை. அங்கே ஈச்சிலைக் குப்பைமேட்டில் ஏறி, உமணரின் உப்பு வண்டிகளை எண்ணி விளையாடுகின்றனர் பாரியின் மகளிர். முன்னர் இவர்கள் மலைமீது நின்று எண்ணியவை, தந்தையோடு பொரவந்த அரசரின் குதிரைகள்! போரின் கொடுமையை உரைக்க அவர் பிணக்குவியலைக் காட்டவில்லை. சிறுமியரின் எண்ணும் விளையாட்டைக் காட்டினார். புலவரின் பேராற்றல் இங்கேதான் உள்ளது என்பது நம் கருத்து.

அம்மகளிர்க்குத் தாமே தந்தையாய் நின்று விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் பேசினார். இருவரும் ஏலவில்லை, மூவேந்தர் பகைக்கு அஞ்சினர் போலும். இருங்கோவேளை, அவன் குலப்பெருமையையே சுட்டிக் கடிந்து திரும்பினார்.

ஆட்சியாளரை நம்பிக் கைவிடப்பட்டோர் பாட்டு எந்நாட்டிலும் பிறக்கின்றது. சிலியில் 1986இல் லாஸ் பிரிசியோனெரோஸ் என்னும் ராக் இசைக்குழு, பள்ளிமுடித்தும் வாழ்வற்று ஒதுக்கப்பட்ட இளைஞரைப் பாடியது. 2019இல் சாந்தியாகோ வீதிகளில் திரண்ட மக்கள் அதனையே மீண்டும் பாடினர்.

ஓர் ஐயம் எழலாம்: பாரியை அழித்த மூவேந்தருள் சேரரும் அடங்குவரே, செல்வக்கடுங்கோ வாழியாதன் என்னும் சேரனைக் கபிலர் பாடி, நூறாயிரம் காணம் பெற்றது எங்ஙனம்? அப்பதிகத்தின் முதற்பாட்டிலேயே இறந்த பாரியை நினைந்து, அவன் மறைந்தமையால் இரக்க வந்தேனல்லேன் என்று தெளிவுறுத்துகின்றார். பரிசிலுக்குப் பாரியை விற்றவரல்லர் அவர்.

மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்தபின், தம்மை உடன்வரவிடாது பிரிந்த தோழனை நொந்துகொண்டே வடக்கிருந்தார் என்கின்றது புறநானூறு. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டு அவர் தீயிற் புகுந்ததாகக் கூறும். அவ்விடம் எனப்படும் கபிலக்கல் தென்பெண்ணையாற்றினுள் இன்றும் நிற்கின்றது.