ஸர் பிரெடரிக் கௌலண்டு ஹாப்கின்ஸ்

கல்லீரல் நோய்களைப் பற்றிய நூல்களில் அடிக்கடி காணப்படும் பெயர்களுள் குளூடாதயோன் என்பது ஒன்று. அப்பெயரை இட்டவராகிய ஆங்கில நாட்டு அறிஞர் ஹாப்கின்ஸ் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

இவர் 1861-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20-ஆம் நாள் ஈஸ்ட்போர்ன் என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். குழவிப் பருவத்திலேயே தந்தையை இழந்தமையின், தாயாரது பேணுதலில் வளர்ந்தார். பதினேழாம் வயதில் ஆறு திங்கள் ஓர் இன்ஷியூரன்ஸ் காரியாலயத்திற் கணக்கெழுதினார். அவ்வயதிலேயே, பகையைக் கண்டவுடன் வெய்ய ஆவியைப் பீறிட்டடிக்கும் வண்டொன்றைப் பற்றிக் கட்டுரை யெழுதி வெளியிட்டார். அவ்வண்டின் படைக்கலங்களுள் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒன்றென்பது பிற்காலத்தே விளங்கிற்று. அதனைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்னும் நொதி நம் கல்லீரலிலும் மிகுதியாக உண்டு. இளைஞர் எழுதிய முதற் கட்டுரைக்கும் முதுமையில் அவர் செய்த ஆராய்ச்சிக்கும் இவ்வாறு ஓர் உறவு நேர்ந்தது எமக்கு வியப்பையே தருகின்றது.

பின்னர் இலண்டனில் நஞ்சு கலந்த வழக்குகளை ஆராயும் இரசாயன உதவியாளராயிருந்து, 33-ஆம் வயதிலேயே மருத்துவப் பட்டம் பெற்றார். 1898-இல் கேம்பிரிட்ஜ் அடைந்தார். ஆண்டுப் போதனைச் சுமை மிகுதியால் 1910-இல் நோய்வாய்ப்பட்டார். டிரினிடி கல்லூரியார் அவரைத் தம்மிடம் அமர்த்தி, ஆராய்ச்சிக்கு ஓய்வளித்தனர். 1912-இல் அவர் வெளியிட்ட உணவாராய்ச்சியே பிற்காலத்தில் வைட்டமின் எனப் பெயர்பெற்ற பொருள்களை உலகறியச் செய்தது.

1921-இல் ஈஸ்ட், தசை, கல்லீரல் ஆகியவற்றினின்றும் கந்தகங் கலந்த ஒரு பொருளைப் பிரித்துக் குளூடாதயோன் எனப் பெயரிட்டார். உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்துங்கால், பெராக்ஸைடு முதலிய கேடு செய்யும் பொருள்களும் உடன் தோன்றுகின்றன. அவை அணுவின் கொழுப்புறைகளை அரித்துவிடும். குளூடாதயோன் தன் ஹைட்ரஜனை ஈந்து அவற்றைத் தணிக்கின்றது. இதற்குத் துணையாகும் நொதி 1957-இல் அறியப்பட்டது. மிகைபடப் பாராஸிட்டமால் உண்டார்க்கு இச்சேமிப்பு வற்றிவிடுதலால் கல்லீரல் அழிகின்றது. காலந் தாழ்த்தாது அஸிடைல்ஸிஸ்டீன் கொடுப்பின், அச்சேமிப்பு மீண்டும் நிரம்பி உயிர் பிழைத்தலுங் கூடும்.

இனி அவர் பிழையைக் கூறுவாம். அப்பொருள் குளூடாமிக் அமிலம், ஸிஸ்டீன் என்னும் இரண்டாலேயே ஆயதென அவர் 1921-இல் எழுதியிருந்தார். உலகம் அதனை ஏற்றுக்கொண்டது. 1927-இல் கனடா நாட்டு ஹண்டர், ஈகிள்ஸ் என்னும் இருவர் அதனை மறுத்தனர். அப்பொழுது ஹாப்கின்ஸ் இராயல் சங்கத்தின் காப்லி பதக்கமும் ஸர் பட்டமும் பெற்ற முதியவர். மௌனஞ் சாதித்திருப்பினும் அவரைக் கடிந்துரைப்பார் அரியர். அவரோ ஆய்வுக்கூடம் புகுந்து, அப்பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்து மறுபடியும் ஆராய்ந்தார். கிளைஸீன் என்னும் மூன்றாவது பொருளும் அதிலிருந்தது. தாம் முன்னர்க் கூறியது தவறென 1929-இல் தாமே அச்சிட்டு வெளியிட்டார். உணவாராய்ச்சிக்காக அவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததும் அவ்வாண்டே.

1933-இல் ஜெர்மனியிற் பதவி பறிக்கப்பட்ட ஹான்ஸ் கிரெப்ஸ் என்னும் யூத அறிஞரைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துக்கொண்டார். கல்லீரலில் யூரியா உண்டாம் முறையை முந்திய ஆண்டிற் கண்டவர் அக்கிரெப்ஸே. ஹாப்கின்ஸ் 1947-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் உயிர் நீத்தார்.