பச்சைத் தேயிலைக்குள் புகுந்து பார்த்த மிச்சியோ சுஜிமுரா

ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். காமராசரைப் பற்றியும் அப்துல் கலாம் ஐயாவைப் பற்றியும் எப்படியும் நாலு பேர் எழுதுவீங்க. நான் கெமிக்கல் பிரிவு. அதனால் நம்ம லேபுக்குச் சொந்தமான ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் ஜப்பான் நாட்டு மிச்சியோ சுஜிமுரா அம்மையார்.

இவரை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு பச்சைப் பொடி! எங்கள் ஊர் குயிலாப்பாளையம், ஆரோவில்லுக்குப் பக்கம். அம்மா ஒரு விருந்தினர் இல்லத்தில் சமையல் வேலை பார்க்கிறார். அங்கே தங்க வருகிறவர்கள் சுடுதண்ணியில் பச்சைப் பொடியைப் போட்டு, மூங்கில் குச்சிக் கொத்து ஒன்றால் நுரை வரக் கலக்கிக் குடிப்பார்களாம். பேரு மாட்சா. குடித்தால் உடம்புக்கு நல்லது, முகத்தில் பூசினால் பளபளப்பு என்று சொல்லி விற்கிறார்கள். விலையைக் கேட்டால், எங்க வீட்டு டீத்தூள் செலவு நாலு மாதத்துக்கு அதில் அடங்கிவிடும். அப்படி அந்த இலைக்குள்ளே என்னதான் இருக்கு என்று தேடப் போனேன். எங்கே தேடினாலும் கடைசியில் இந்த அம்மையார் பெயரில்தான் வந்து நின்றது.

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் சைத்தாமா மாகாணத்தின் ஒகெகாவா என்ற ஊரில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சி முடித்தார். பிறகு டோக்கியோ மகளிர் உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து 1913-ல் வெளியே வந்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் கோனோ யாசுயி. ஜப்பானில் அறிவியல் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண் இவர்தான். ஆராய்ச்சி ஆசை மாணவிக்கு இந்த டீச்சரிடமிருந்துதான் தொற்றிக்கொண்டது.

படிப்பு முடிந்ததும் யோகஹாமாவிலும் சைத்தாமாவிலும் பெண்கள் பள்ளிகளில் ஆசிரியை வேலை. நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1920-ல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, வடக்கே ஹொக்கைடோ இம்பீரியல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தப் பல்கலைக்கழகம் அப்போது பெண்களை மாணவிகளாகச் சேர்ப்பதில்லை. ஆகவே லேபில் சம்பளம் இல்லாத உதவியாளராகச் சேர்ந்தார். பட்டுப்புழுவின் உணவு பற்றிய ஆராய்ச்சி. பதிவேட்டில் மாணவி என்று பேர் கிடையாது, மாசம் பிறந்தால் காசும் கிடையாது.

இந்த இடத்தைப் படிக்கும்போது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். டிப்ளமோ கையில் வந்ததும் கம்பெனி வேலை, அதுதான் அப்பாவின் கணக்கு. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போகலாமா என்று கேட்கவே எனக்கு இன்னும் வாய் வரவில்லை. வந்த சம்பளத்தை விட்டுவிட்டு டெஸ்ட் டியூப் கழுவப் போகிறேன் என்று ஒரு பொண்ணு சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை எங்கள் வகுப்பில் இருக்கும் ஆறு பெண்களையும் கேட்டுப் பாருங்கள்.

1922-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வேதியியல் லேபுக்கு மாறினார். மறு வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி பெரும் பூகம்பம். டோக்கியோவும் யோகஹாமாவும் எரிந்தன, அவர் வேலை பார்த்த லேபும் அழிந்தது. அக்டோபரிலேயே ரிகென் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்துவிட்டார். அங்கே தலைமை உமேதாரோ சுசூகி. நாம் மாட்டுக்கு வைக்கும் அரிசித் தவிட்டிலிருந்து பெரிபெரி நோயைத் தீர்க்கும் சத்தை 1910-ல் பிரித்தவர். இன்று அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர்.

1924-ல் சுஜிமுராவும் உடன் வேலை செய்த செய்தாரோ மியூராவும் பச்சைத் தேயிலையில் வைட்டமின் சி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தேநீர் உடம்புக்கு நல்லது என்று எய்சாய் என்ற துறவி 1211-லேயே ஒரு நூல் எழுதி வைத்திருக்கிறார். எழுநூறு வருஷ நம்பிக்கைக்கு அப்போதுதான் ஒரு சாட்சி கிடைத்தது. வட அமெரிக்காவுக்குப் பச்சைத் தேயிலை ஏற்றுமதி ஏறியது.

நம்ம டீயில் ஏன் அந்தச் சத்து இல்லை? கோத்தகிரியில் பறிக்கிற இலையும் அதே செடிதான். நாம் இலையை வாட்டி, நசுக்கி, காற்றுப் படவிட்டு ஆக்ஸிஜனேற்றம் செய்கிறோம். அதில் வைட்டமின் சி அநேகமாகப் போய்விடும். ஜப்பான்காரர்கள் பறித்தவுடன் ஆவியில் அவிக்கிறார்கள். என்சைம் செத்துவிடும், இலை பச்சையாகவே நிற்கும். மாட்சாவுக்கு இன்னும் வேலை அதிகம். பறிப்பதற்குச் சுமார் 20 நாள் முன்பே செடிக்கு நிழல் போட வேண்டும். அவித்துக் காயவைத்து, நரம்பு நீக்கி, கல் திருகையில் அரைக்க வேண்டும். ஒரு திருகைக்கு ஒரு மணி நேரத்தில் 40 கிராம் கிடைத்தால் பெரிசு. விலைக்குக் காரணம் புரிந்தது.

அடுத்து வந்ததுதான் பெரிய வேலை. 1929-ல் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டெச்சின் என்ற பொருளைத் தனியாகப் பிரித்தார். தேநீரின் கசப்புக்கு முக்கியக் காரணம் இதுதான். பெயர் அந்நியமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நம்ம பாட்டிமார் வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலிருந்துதான் கேட்டெச்சின் என்ற சொல்லே வந்தது. அந்தத் துவர்ப்பு நமக்கு ஏற்கெனவே சொந்தம்! 1930-ல் தேயிலையின் டானினைப் படிகமாகவே எடுத்துக் காட்டினார். நம்ம லேபில் அசிட்டானிலைடைப் படிகமாக்குவதற்கே என் பேட்ச்சுக்கு ரெண்டு மதியம் ஆனது. நவீனக் கருவி எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், நூறு பொருள் கலந்து கிடக்கும் இலைச்சாற்றிலிருந்து ஒன்றை மட்டும் படிகமாக எடுப்பது என்றால் நினைத்துப் பாருங்கள்.

இந்த டானின் விஷயம் எனக்கு வீட்டிலேயே உதவியது. என் அத்தை மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறார். விடியற்காலை வெறும் டீ குடித்துவிட்டுப் போவார். ரத்தம் கம்மி என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதையும் டீயிலேயே விழுங்குவார். ஃபெரிக் குளோரைடு டெஸ்டில் ஃபீனால் வகைப் பொருள் சேர்ந்ததும் நிறம் மாறுவது நமக்குத் தெரியும். டீ டிகாஷனில் ரெண்டு சொட்டு விட்டால் மை மாதிரி கறுத்துப்போகும். டானின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, வயிற்றிலும் அதே கதைதான், மாத்திரையின் சத்து உடம்பில் சரியாகச் சேராது. டீயை மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும் என்று சொன்னேன். இப்போது மாத்திரைக்குத் தண்ணீர்தான்.

அத்தைக்கு வேறொரு கேள்வி இருந்தது. உப்புத் தண்ணியில் வெடித்த காலுக்கு அந்தப் பச்சை மாவு கேட்குமா என்றார். உண்மையைச் சொன்னால், கேட்டெச்சின்கள் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பது சோதனைக் குழாயில் தெளிவாகத் தெரிகிறது. மனிதத் தோலில் நடந்த சோதனைகளோ சின்னவை, முடிவும் ஒரே மாதிரி இல்லை. தோலுக்கு வைட்டமின் சி வேண்டும்தான், ஆனால் ஒரு கொய்யாப்பழத்தில் இருப்பது ஒரு கோப்பை பச்சைத் தேநீரில் கிடையாது. அத்தைக்கு வேண்டியது முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வேலை முடிந்ததும் நல்ல தண்ணியில் கால் கழுவி எண்ணெய் தடவுவது. இலைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் சுஜிமுராவின் கண்டுபிடிப்பு. முகம் மினுக்கும் என்பது கடைக்காரர்கள் பிற்பாடு சேர்த்தது.

பச்சைத் தேயிலையின் வேதிப் பொருள்கள் பற்றிய ஆய்வுக்காக 1932-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகம் அவருக்கு வேளாண்மை டாக்டர் பட்டம் கொடுத்தது. ஜப்பானில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். 1934-ல் காலோகேட்டெச்சினைப் பிரித்தார். 1935-ல் செடிகளிலிருந்து வைட்டமின் சி படிகம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை. இவ்வளவு செய்தும் ரிகெனில் இளநிலை ஆராய்ச்சியாளர் பதவி வந்தது 1942-ல்தான். டாக்டர் பட்டம் வாங்கிப் பத்து வருஷம் கழித்து! முழு ஆராய்ச்சியாளர் ஆனது 1947-ல்.

1949-ல் ஒச்சனோமிசு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அந்தப் பெயருக்கு அர்த்தமே தேநீருக்கான தண்ணீர் என்பதுதான். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! 1955-ல் ஓய்வு பெற்ற பிறகும் 1961 வரை அங்கே வகுப்பு எடுத்தார். 1956-ல் ஜப்பானின் வேளாண் அறிவியல் பரிசு, 1968-ல் அரசின் உயர் விருது. 1969 ஜூன் 1-ஆம் நாள் தொயோஹாஷி நகரில், 80-ஆவது வயதில் காலமானார்.